முழங்கால் உயரத்து முருகன்

எட்மண்டனில் காலியாகக் கிடக்கும் கடைகளைக் காட்டி வாடகைக்குப் பிடித்துக் கொடுப்பது என் பிழைப்பு. வருகிறவர் பல் வைத்தியராக இருக்கலாம், பீட்சாக் கடைக்காரராக இருக்கலாம். கதவைத் திறந்து உள்ளே போனதும் அவர்கள் அண்ணாந்து கூரையைப் பார்ப்பார்கள். நான் தரையில் உட்கார்ந்துவிடுவேன். கோட்டும் டையும் போட்ட, தொப்பை விழுந்த, ஐம்பதைத் தாண்டிய ஒரு மனிதன் பூட்ஸ் காலைச் சிரமப்பட்டு மடக்கிச் சம்மணம் போட்டு நாலு சுவரையும் ஒரு சுற்றுப் பார்ப்பது இந்த ஊர்க்காரர்களுக்குப் பழக்கமில்லாத காட்சி. முதல் தடவை, எங்கள் கட்டடங்களைப் பார்த்துக்கொள்ளும் ஹெதர் என்கிற பெண்மணி ஓடிவந்து தண்ணீர் கொடுத்து, நெஞ்சு வலியா என்று கேட்டாள். இல்லை, உட்கார்ந்து பார்க்கிறேன் என்றேன். மறு தடவை நான் உட்கார்ந்ததும் அவள் ஓசைப்படாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றுகொண்டாள். மூன்றாம் தடவை, வாடகைக்கு வந்தவரிடம் அவள் கிசுகிசுப்பது என் காதில் விழுந்தது: இவர் இடத்தை ஆசீர்வதிக்கிறார், இவர்கள் நாட்டு வழக்கம். வந்தவர் ஒரு பிளம்பர். தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

மறுத்திருக்கலாம். ஒரு முறை மறுத்தும் பார்த்தேன். சுவரில் தண்ணீர்க் கறை இருக்கிறதா என்று பார்க்கிறேன் என்று விளக்கினேன். ஹெதர் அதைக் கேட்டு, அடக்கத்தின் காரணமாக இப்படிச் சொல்கிறேன் என்று முடிவு செய்து, அடுத்த கிறிஸ்துமஸுக்கு எனக்கு ஒரு யோகா விரிப்பு வாங்கிக் கொடுத்தாள். நல்ல மொத்தமான விரிப்பு. குளிர்காலத்தில் இந்த ஊர்த் தரை மாட்டுத்தோல் செருப்பையும் தாண்டிக் கடிக்கும் என்பதால் நானும் வாங்கிக் காரில் போட்டுக்கொண்டேன். ஆசீர்வாதம் இப்போது விரிப்போடு நடக்கிறது. ஹெதரிடம் முழுதாகச் சொல்ல முடியாமல் போனதை உங்களிடம் சொல்லலாம் என்று நினைக்கிறேன். நீங்கள் தாம்பரத்தில் ரயில் இறங்கியிருப்பீர்கள், அல்லது என்னைப் போல ஏறிப் போய் எங்கேயோ பனி வாருகிறவர்களாக இருப்பீர்கள். உங்களுக்குப் புரியும்.

தொண்ணூறுகள் தொடங்கியிருந்தன. நான் தாம்பரத்தில் பி.காம். இரண்டாம் ஆண்டு. அப்பாவுக்கு ரயில்வேயில் வேலை. ராஜகீழ்ப்பாக்கத்தில், கேம்ப் ரோட்டிலிருந்து மேடவாக்கம் போகும் சாலைக்குப் பின்னால் எங்கள் வாடகை வீடு. சாலையோரத்தில் வீட்டுக்காரர் கஜபதி அண்ணாவின் கடைகள். சில வருடங்களுக்கு முன்வரை அந்த இடத்தில் அவர் நெல் நட்டுக்கொண்டிருந்தார். நாலா பக்கமும் மனைக் கற்கள் முளைத்த பிறகு, ஏரித் தண்ணீருக்காகச் சண்டை போட ஆள் இல்லாமல் அலுத்துப்போய், லாரி லாரியாக மண்ணடித்து மேடாக்கி ஐந்து கடைகள் கட்டினார். ஒவ்வொன்றுக்கும் ஐந்து படி. மழைக்காலத்தில் தண்ணீர் எந்த வழியாக நடக்கும் என்று விவசாயிக்குத் தெரியாதா? ஆறாவது கடை மட்டும் கடையாகப் பிறந்ததல்ல. பழைய பம்ப்செட் அறை. மோட்டாரைக் கழற்றி விற்றுவிட்டு முன்னால் ஒரு ஷட்டரை மாட்டி, அதன் நெற்றியிலும் '6' என்று எழுதிவிட்டார். அதற்குப் படியே கிடையாது. ரோட்டோடு ரோடாக இருக்கும்.

ஆறு கடையில் நாலு காலி. காலிக் கடையைப் பொழுது சாயும்போது இருட்டில் விடக்கூடாது என்பது கஜபதி அண்ணாவின் கட்டளை. ஆனால் ஆறு மணி அவருக்கு மாடு கறக்கிற நேரம். நிலம் போனாலும் மாடுகளை அவர் விடவில்லை. அதனால் சாவிக் கொத்தை என் கையில் கொடுத்தார். தினமும் ஆறு மணிக்கு நாலு ஷட்டரையும் தூக்கி, பல்பைப் போட்டு, ஊதுவத்தி ஏற்றி வைத்து, ஏழு மணிக்கு மூட வேண்டும். "இருட்டுல கெடந்தா கடை தூங்கிடும் சேகரு. தூங்கின கடைய எழுப்பறது ரொம்ப பேஜார்" என்றார். வர்த்தகக் கட்டடத் துறையில் என் முதல் பதவி இதுதான்: கடைகளைத் தூங்கவிடாமல் பார்த்துக்கொள்வது. படித்தது பி.காம்., செய்தது ஊதுவத்தி.

ஆனால் விளக்கு எரிகிற, சாமான் இல்லாத கடையைப் பார்த்தால் பஸ்ஸிலிருந்து இறங்குகிறவர்களுக்குக் கேட்காமல் போக முடியாது. காலியா, என்ன வாடகை, தண்ணீர் வசதி உண்டா. நானும் பதில் சொல்ல ஆரம்பித்தேன். நாலு மாதத்தில் இரண்டாம் நம்பருக்கு ஒரு சலூனையும் ஐந்தாம் நம்பருக்கு ஒரு டியூஷன் வாத்தியாரையும் கொண்டுவந்துவிட்டேன். அவ்வளவுதான், தலைக்கு மேல் கொம்பு முளைத்தது. தாம்பரத்தில் ஒரு அச்சகத்தில் சொல்லி விசிட்டிங் கார்டு அடித்தேன். பெயருக்குக் கீழே 'கமர்ஷியல் ப்ராப்பர்ட்டி கன்சல்டன்ட்' என்று சாய்வெழுத்து. அதற்கும் கீழே டெலிபோன் எண், பக்கத்தில் 'பி.பி.' என்று இரண்டு எழுத்து. அதாவது போன் என்னுடையதல்ல, தெருமுனை மருந்துக்கடையினுடையது. கூப்பிட்டால் அவர் மனம் வைத்து யாரையாவது அனுப்பினால் நான் ஓடிவருவேன். அந்தக் காலத்தில் எங்கள் பக்கத்தில் டெலிபோன் என்பது அப்படித்தான் இருந்தது. ஒரு வீட்டில் இருக்கும், முப்பது வீடு ஓடும்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். பயம் வந்தால் எனக்கு விக்கல் வரும். மற்றவர்களுக்கு வியர்க்கும், கை நடுங்கும், மறைத்துவிடலாம். எனக்கு ஊருக்கே கேட்கும். பரீட்சை ஹாலில் நான் விக்கினால், கேள்வித்தாள் கஷ்டம் என்று கடைசி பெஞ்சு வரை தெரிந்துவிடும். இப்படிப்பட்ட ஒருவன் தரகுத் தொழிலுக்கு வந்தது யாரையும் கேட்காமல் எடுத்த முடிவு.

செல்வி அக்கா வந்தது ஆடி மாதத்தில். கையால் சுற்றுகிற மூன்று சக்கர வண்டியில் சாலையோரமாக வந்து, விளக்கு எரிகிற கடைகளைப் பார்த்து நிறுத்தினார். முப்பது வயதுக்குள் இருக்கும். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு கால்களும் வலுவிழந்துபோனவர். மடியில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கடிதம். டெலிபோன் இலாகா அவருக்கு எஸ்.டி.டி. பூத் ஒதுக்கியிருந்தது. பல வருடம் மனுப் போட்டுக் கிடைத்தது. ஆனால் குறிப்பிட்ட நாளுக்குள் கடை விலாசம் காட்டியாக வேண்டும். தவறினால் பட்டியலில் அடுத்த பேருக்குப் போய்விடும். இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது. நான் விசிட்டிங் கார்டை நீட்டிவிட்டு, பெருமையாக மூன்றாம் நம்பர் கடையைக் கை காட்டினேன். அவர் படிகளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"இன்னா தம்பி, மலைக் கோயிலா காட்டுற?"

எனக்கு முதல் விக்கல் வந்தது. நாலு மாதமாக அந்தப் படிகளில் தினமும் ஏறி இறங்கியிருக்கிறேன். அவற்றை நான் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. தாம்பரத்திலிருந்து இங்கே வரை பதினோரு கடை பார்த்தாகிவிட்டது, எல்லாம் படி என்றார். பிறகு, நான் பரிதாபப்பட ஆரம்பித்துவிட்டேன் என்று தோன்றியதோ என்னவோ, குரலைக் கொஞ்சம் இறுக்கிக்கொண்டார். "ஏற முடியாம இல்ல. கைய ஊணி ஏறுவேன். ஆனா தெனம் காலைல நா ஏறச்சொல்ல ரோடே நின்னுகினு பாக்கும். அதான் வாணாம்னு பாக்கறேன்." வண்டியைத் திருப்பப் போனார். நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், படியில்லாத கடை ஒன்று இருக்கிறது அக்கா, வெள்ளையடிக்கிற வேலை நடக்கிறது, வெள்ளிக்கிழமை வந்து பாருங்கள் என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளையடிக்கிற வேலை ஒன்றும் நடக்கவில்லை. ஆறாம் நம்பரில் போன வருடம் ஒருவர் சிமெண்ட் மூட்டை அடுக்கி வைத்திருந்தார். ஐப்பசி மழையில் ஒரே ராத்திரியில் தண்ணீர் புகுந்து, மூட்டைகள் மூட்டை வடிவத்திலேயே கல்லாகிவிட்டன. அவர் அழுதுகொண்டே காலி செய்துவிட்டுப் போனார். சுவர் நெடுகத் தண்ணீர் நின்ற அடையாளம், முழங்காலுக்குச் சற்று மேலே, பழுப்பாக ஒரு கோடு. அந்தக் கடையை யாருக்கும் நான் காட்டியதுகூட இல்லை, விளக்கைப் போட்டதும் அதன் ஷட்டரை மட்டும் பாதி இறக்கிவிடுவேன். இப்போது காட்டியாக வேண்டும். உண்மையைச் சொன்னால் அந்த அக்கா போய்விடுவார், பூத்தும் போய்விடும். சொல்லாவிட்டால் கடை கிடைக்கும், ஐப்பசியில் டெலிபோன் மிதக்கும். நான் அவருக்கு நல்லது செய்வதற்காகத்தான் மறைக்கிறேன் என்று என்னையே நம்பவைத்துக்கொண்டேன். சாய்வெழுத்துக் கார்டுக்கு அதில் பங்கே இல்லை என்று சொன்னால் இப்போதே விக்கல் வந்துவிடும்.

என் வகுப்புத் தோழன் யூசுப்பைக் கூட்டி வந்தேன். அவன் அப்பாவுக்கு சேலையூரில் பெயின்ட், ஆணி விற்கிற கடை. சுண்ணாம்பு வாளியும் மட்டையுமாக வந்தான். இரண்டு பேரும் வியாழக்கிழமை கல்லூரிக்கு மட்டம் போட்டுவிட்டு வெள்ளையடித்தோம். மூன்று பக்கம் கறை அடங்கிவிட்டது. மேற்குச் சுவரின் நடுவில் மட்டும், இரண்டு அடி நீளத்துக்கு, காயக் காய, பழுப்புக் கோடு மெல்ல மேலே வந்து எட்டிப் பார்த்தது. இன்னொரு பூச்சு அடித்தோம். அதையும் தாண்டி வந்தது. காலண்டர் மாட்டி மறைக்கலாம் என்பது என் யோசனைதான். யூசுப்பின் அப்பா வருடா வருடம் வாடிக்கையாளர்களுக்காக மூன்று விதமாகக் காலண்டர் அடிப்பார். முருகன், வேளாங்கண்ணி மாதா, மக்கா. எது வேண்டும் என்று யூசுப் கேட்டான். எது அகலம் என்று கேட்டேன். முருகன்தான், மயில் தோகை விரித்திருக்கிறது என்றான். அப்படியாகத்தான் தெய்வம் தேர்ந்தெடுக்கப்பட்டது.

ஆணி அடிக்கும்போது அவன் கை தயங்கியது. "மச்சான், எனக்கே ஒரு மாதிரியா இருக்குடா. உங்க சாமிய முழங்கால்கிட்ட மாட்டுறியே" என்றான். நான் அடி என்றேன். அடித்தான். தள்ளி நின்று பார்த்தோம். கோடு மறைந்துவிட்டது. மயிலின் தோகைக்கு இரண்டு பக்கமும் அரை அடி மட்டும் தெரிந்தது. அதற்கு நானே முன்னால் நின்றுகொள்வது என்று தீர்மானம்.

வெள்ளிக்கிழமை செல்வி அக்கா வந்தார். வண்டி ரோட்டிலிருந்து நேரே கடைக்குள் உருண்டு வந்து நின்றது. அந்தச் சத்தம்கூட இன்னும் நினைவிருக்கிறது, எங்கேயும் இடறாத சத்தம்.  பிறகு கைகளில் செருப்பை மாட்டிக்கொண்டு, இறங்கித் தரையில் அமர்ந்து, கைகளை ஊன்றி நகர்ந்து நகர்ந்து கடை முழுக்கப் பார்த்தார். நான் மேற்குச் சுவரோடு ஒட்டி, வலது காலைத் தோகைக்கு ஒரு பக்கமும் இடது காலை மறுபக்கமும் வைத்து, மயிலுக்கு மேல் சவாரி செய்கிறவன் போல நின்றேன். அவர் மூலையைப் பற்றிக் கேட்டார், நின்ற இடத்திலிருந்தே பதில் சொன்னேன். சுவிட்சைப் பற்றிக் கேட்டார், கழுத்தை மட்டும் திருப்பிக் காட்டினேன். விக்கல் நிமிடத்துக்கு ஒன்று வந்துகொண்டிருந்தது. தண்ணி குடிப்பா என்றார். குடிக்க நகர வேண்டுமே, வேண்டாம் என்றேன்.

அந்த நேரம் பார்த்துக் கஜபதி அண்ணா பால் செம்போடு உள்ளே நுழைந்தார். முதலில் என் கால்களைப் பார்த்தார், பிறகு கால்களுக்கு நடுவில் இருந்ததைப் பார்த்தார். வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி வந்தார். "யார்ரா இது சாமியக் காலாண்ட மாட்னது" என்று ஆணியோடு பிடுங்கக் குனிந்தார். பிடுங்கினால் கோடு வெளியே வரும். எனக்கு விக்கல் நின்று மூச்சே நின்றுவிட்டது. பேசியது செல்வி அக்கா.

"இருக்கட்டும் அண்ணா. எனக்குக் கண்ணுக்கு நேரா கீது."

கஜபதி அண்ணா குனிந்தபடியே அவரைப் பார்த்தார். பிறகு முருகனைப் பார்த்தார். கன்னத்தில் போட்டுக்கொண்டு நிமிர்ந்துவிட்டார். கடைச் சாமானுக்கு இடம், கரண்ட் மீட்டர் என்று அவர்கள் இரண்டு பேரும் பேச ஆரம்பித்ததும், நான் வேலை இருப்பதாகச் சொல்லி வெளியே ஓடி, சலூன் வாசலில் உட்கார்ந்து ஒரு செம்புத் தண்ணீர் குடித்தேன். முருகன் என்னைக் காப்பாற்றினார் என்று மனதார நம்பினேன். என்னைப் போன்றவர்களைக் காப்பாற்றவா அவருக்கு வேல் கொடுத்திருக்கிறது என்று கேட்கிற புத்தி அப்போது இல்லை.

இங்கே எட்மண்டனில் காலிக் கடையின் பகை மழையல்ல, குளிர். காலியாக இருக்கிற கடையை வெதுவெதுப்பாக வைக்காவிட்டால் குழாயில் தண்ணீர் உறைந்து வெடித்துவிடும். அதனால் பனிக்காலத்தில் தினமும் போய்க் கடைக்குக் காய்ச்சல் பார்க்கிற மாதிரி சுவரிலிருக்கிற வெப்பமானியைப் பார்த்துவிட்டு வர வேண்டும். டிசம்பரில் நாலேகாலுக்கே பொழுது சாய்ந்துவிடுகிறது. வெப்பமானியைப் பார்த்த கையோடு ஒரு விளக்கையும் போட்டுவிட்டுத்தான் வருவேன். ஹெதர் அதைத் திருட்டுப் பயம் என்று புரிந்துகொண்டு எல்லாக் கட்டடங்களுக்கும் விதியாக்கிவிட்டாள். கடை தூங்கிவிடும் என்று நான் சொன்னபோது, அழகான உவமை என்றாள். உவமை இல்லையம்மா, கஜபதி அண்ணா மாட்டைப் பற்றி எந்தக் குரலில் சொல்வாரோ அதே குரலில் சொன்னது என்று எப்படி விளங்கவைப்பேன்? இங்கே வாடகைக்கு விடுமுன் நிரப்புகிற படிவத்தில் ஒரு கேள்வி இருக்கிறது: இந்த இடத்தில் எப்போதாவது தண்ணீர் புகுந்ததுண்டா? ஆம், இல்லை, இரண்டு கட்டம். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்தில் அந்தக் கேள்வியைப் படித்ததும் எனக்கு விக்கல் வந்துவிட்டது. எதிரில் இருந்தவர் படிவத்தைக் கீழே வைத்துவிட்டு என் முதுகைத் தட்டிக் கொடுத்தார். எனக்குத் தெரியாத ஏதோ இந்தக் கட்டடத்தில் இருக்கிறதா என்றும் கேட்டார். இந்தக் கட்டடத்தில் இல்லை என்றேன்.

பூத் திறந்தாயிற்று. மஞ்சள் பலகையில் எஸ்.டி.டி., ஐ.எஸ்.டி. என்று கறுப்பெழுத்து. கண்ணாடிக் கூண்டு, உள்ளே போன், வெளியே தரையோடு தாழ்வாக ஒரு பலகை போட்டு அதில் மீட்டர் மிஷினோடு செல்வி அக்கா. நாளாக ஆக எனக்குத்தான் வாழ்க்கை கசந்தது. புரட்டாசி பிறந்ததும் வானத்தைப் பார்க்க ஆரம்பித்தேன். வங்கக் கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று ரேடியோவில் சொன்னால் ஊரில் எல்லோரும் குடை தேடுவார்கள், நான் தண்ணீர்ச் செம்பு தேடுவேன். நாலைந்து முறை சொல்லிவிடுவது என்று கிளம்பிப் போனேன். ஒவ்வொரு முறையும் அவர் மும்முரமாக யாருக்கோ துபாய் லைன் போட்டுக் கொடுத்துக்கொண்டிருப்பார். அல்லது என்னைப் பார்த்துச் சிரித்துவிடுவார். ஒரு முறை, கார்டில் மருந்துக்கடை நம்பரையே வைத்துக்கொண்டிருக்கிறேன், தன் பூத் நம்பரைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று ஏன் கேட்கவில்லை என்று கோபித்துக்கொண்டார். அன்றைக்கும் சொல்லவில்லை. திரும்பி வந்து கார்டில் பேனாவால் நம்பரை மாற்றி எழுதினேன்.

மழை கார்த்திகையில் பிடித்துக்கொண்டது. மூன்றாம் நாள் காலையில் ஏரி நிரம்பி வழிகிறது என்றார்கள். கல்லூரிக்கு விடுமுறை. சட்டையைக் கழற்றித் தலையில் போட்டுக்கொண்டு ஓடினேன். ரோடே ஓடையாக இருந்தது. கஜபதி அண்ணாவின் பழைய வயல் வழியாகத் தண்ணீர், யாரிடமும் பத்திரம் கேட்காமல், தன் இடத்துக்குத் திரும்பி வந்துகொண்டிருந்தது. ஆறாம் நம்பர் வாசலில் கும்பலைப் பார்த்ததும் முடிந்தது என்று நினைத்தேன். மிஷின் போயிற்று, அக்காவுக்கு என்னவோ ஆயிற்று, எல்லாம் என்னால்தான். விக்கிக்கொண்டே கும்பலை விலக்கிக்கொண்டு போனேன். ஒரு ஆள் திரும்பி, "வரிசைல வாப்பா" என்றார்.

வரிசைதான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு முழங்கால் தண்ணீரில் பத்துப் பதினைந்து பேர், குடைக்குள் இரண்டு பெண்கள். மேற்கே தாம்பரம் வரை பல போன் செத்துக் கிடந்தது, இது பேசியது. கடைக்குள் மூன்று சக்கர வண்டி நின்றது. சக்கரங்கள் பாதி தண்ணீரில். மேலே, காயாத புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு ராணி மாதிரி செல்வி அக்கா. அவர் கைக்கெட்டுகிற உயரத்தில், கறைக் கோட்டுக்கு ஒரு சாண் மேலே, சுவரில் ஒரு சிமெண்ட் பலகை பதித்திருந்தது. அதில் மீட்டர் மிஷின், பாலித்தீன் சுற்றி. போன் ஒயரும் உயரத்திலேயே ஓடியது. இவ்வளவு நாளாக அந்தப் பலகையை நானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். சாமான் வைப்பதற்கு என்று நினைத்திருந்தேன்.

"அக்கா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன்" என்று ஆரம்பித்தேன்.

"காலண்டரா?" என்றார், மிஷினிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்றைக்கே தெரியும் என்றார். கஜபதி அண்ணா வருவதற்கு முன்பே, நான் ஷட்டரைத் தூக்கும்போதே தெரியும். ஷட்டரின் அடிப்பாகத்தில் அதே உயரத்துக்குத் துரு ஏறியிருந்ததாம். அதோடு, "பின்னாடி மூட்டை மாதிரி கல்லு கெடக்குதே, அது எந்த மலைலேர்ந்து வந்துச்சாம்?" என்றார். கல்லாகிப் போன சிமெண்ட் மூட்டைகள். அக்கம்பக்கத்துப் பெண்கள் அவற்றின் மேல்தான் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் தினமும் அவற்றைச் சுற்றித்தான் வீட்டுக்குப் போவேன். நான் சலூன் வாசலில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த அந்தப் பத்து நிமிடத்தில், அவர் கஜபதி அண்ணாவிடம் நேரடியாகக் கேட்டிருக்கிறார். கஜபதி அண்ணாவும் ஆமாம்மா, நாலு நாள் நிக்கும், வடிஞ்சிடும் என்று சொல்லியிருக்கிறார். பலகை போட்டுத் தந்தால் வருகிறேன் என்றிருக்கிறார். அவரும் போட்டுத் தந்திருக்கிறார். மொத்த ராஜகீழ்ப்பாக்கத்திலும் அதை ரகசியம் என்று நினைத்துக்கொண்டு மூன்று மாதம் விக்கியவன் நான் ஒருவன்தான்.

தெரிந்துமா எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கூண்டிலிருந்து வெளியே வந்த ஆளிடம் ரசீதைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"வருசம் பூரா அஞ்சு படி ஏறி ஊருக்கு வேடிக்க காட்றதுக்கு, நாலு நாளு தண்ணி எவ்ளோவோ தேவல."

எனக்குச் சிரிப்பு வந்தது, நிம்மதியில். அவர் சிரிக்கவில்லை. "எனக்குத் தெரிஞ்சுது, சரி. தெரியாத ஒருத்தி வந்திருந்தா?" என்றார். அதை உரக்கச் சொல்லவில்லை. வரிசையில் இருந்தவர்களுக்குக் கேட்டிருக்காது. என் விக்கல் நின்றுபோனது, பயத்தில் வந்தது வெட்கத்தில் நின்றுவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். தலை குனிந்து நின்றேன். குனிந்த கண்ணுக்கு நேரே முருகன். அவர் பாதம் வரை தண்ணீர் வந்திருந்தது. மயிலின் கால் நனைந்து காகிதம் சுருங்கியிருந்தது, மேலே நிற்கிறவருக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் கழற்றப் போனேன். வேண்டாம், நானே காயவைத்துக்கொள்வேன் என்றார். பிறகு, மனது இளகித்தான் இருக்க வேண்டும், அது சரியான உயரத்தில் இருக்கிறது என்றார். எங்கே போனாலும் காலண்டரைக் கழுத்து வலிக்க அண்ணாந்து பார்த்தே பழகிவிட்டதாம். தேதியை அவரே எட்டிக் கிழிக்கிற முதல் காலண்டர் அதுதானாம்.

"இனிமே யாருக்குனா கடை காட்டச்சொல்ல, மொதல்ல நீ உக்காந்து பாரு" என்றார். "நின்னுகினு பாத்தா கடை எல்லாம் நல்லாத்தான் கீது."

தண்ணீர் வடிந்த பிறகு அந்தச் சேறு காயாத தரையில் உட்கார்ந்து பார்த்தேன். மேற்குச் சுவர் முழுக்கக் கோடு பளிச்சென்று தெரிந்தது. அன்றைக்கு நான் கால்களால் மறைத்துக்கொண்டு நின்றது அவருக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு பேன்ட், அதற்கு இரண்டு பக்கமும் கறை. அந்த வேடிக்கையைக் கண்டும் அவர் சிரிக்காமல் இருந்ததற்காகவே அவருக்குக் கோயில் கட்டலாம்.

தொண்ணூறுகளின் கடைசியில் நான் கிளம்பி வந்தேன். எங்கள் வீட்டில் அதுவரைக்கும் போன் வரவில்லை. எட்மண்டனில் இறங்கிய மறுநாள், குளிரில் விறைத்த விரலால் நான் சுழற்றிய முதல் நம்பர் ஆறாம் நம்பர் கடை. செல்வி அக்கா யாரையாவது அனுப்பி அம்மாவைக் கூட்டிவரச் சொல்வார். அம்மா வருகிற வரைக்கும் அவரே பேசிக்கொண்டிருப்பார், அங்கே படி உண்டா என்று கேட்பார். கதவுக்குப் பக்கத்தில் ஒரு பொத்தான் இருக்கிறது அக்கா, சக்கர நாற்காலியில் வருகிறவர் அழுத்தினால் கதவு தானாகத் திறக்கும் என்றேன்.  யாருக்கோ ரசீதைக் கிழித்துக் கொடுக்கிற சத்தம் கேட்டது. "அப்ப அங்க எனக்கு ஒரு கடை பாத்து வை" என்றார். நான் சரி என்றேன். அன்றைக்கு விக்கல் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

பிறகு எல்லோர் பையிலும் போன் வந்தது. பூத் ஜெராக்ஸ் கடையானது, ரீசார்ஜ் கடையானது. சாலையைத் தாருக்கு மேல் தார் போட்டு உயர்த்திக்கொண்டே போனதில் ரோட்டோடு இருந்த கடை ரோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது. செல்வி அக்கா தன் செலவில் ஒரு சரிவு போட்டுக்கொண்டு கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தார். கடைசியில் கஜபதி அண்ணாவின் பிள்ளைகள் மொத்தத்தையும் விற்றுவிட்டார்கள். பல வருடம் கழித்து நான் ஊருக்குப் போனபோது அங்கே கண்ணாடி போட்ட நாலு மாடி நின்றது. வாசலில் எட்டுப் படி. எண்ணிப் பார்க்கிற புத்தி இப்போது இருக்கிறது. செல்வி அக்கா மேடவாக்கத்தில் தம்பி வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தார். தலை நரைத்திருந்தது, வாய் நரைக்கவில்லை. என்னைப் பார்த்ததும், தனக்குப் பார்த்து வைத்த கடை எங்கே என்றார். பக்கத்துச் சுவரில், முழங்காலுக்குச் சற்று மேலே, அந்த வருடத்துக் காலண்டர். நான் கேட்காமலே தரையில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சம உயரத்தில் வெகுநேரம் பேசினோம்.

எட்மண்டனில் என் வீட்டு ஹாலிலும் ஒன்று தொங்குகிறது. இந்திய மளிகைக் கடையில் கொடுக்கிற தினசரிக் காலண்டர், அதே உயரத்தில். மனைவி வருடா வருடம் மேலே மாட்டச் சொல்லி அலுத்துவிட்டாள். மகளுக்கு இரண்டு வயதில் அது சரியான உயரமாக இருந்தது, முருகனோடு தனியாகப் பேசிக்கொண்டிருப்பாள். பிறகு அவளும் வளர்ந்து அதைக் குனிந்து பார்க்கிறவளாகிவிட்டாள். குளிர்காலத்தில் நாலேகாலுக்குப் பொழுது சாய்ந்ததும் ஹாலில் விளக்கைப் போட்டுவிட்டு அதன் முன்னால் உட்காருகிறேன். அந்த நேரம் மேடவாக்கத்தில் மறுநாள் விடியப் போகிறது. செல்வி அக்கா எழுந்ததும் முதல் வேலையாகத் தாளைக் கிழிப்பார். அவருக்குப் பின்தங்கிவிடக்கூடாது என்று நானும் கிழித்துவிடுகிறேன். கையில் இருப்பது இங்கே இன்னும் முடியாத நாள். சுவரில் இருப்பது இங்கே இன்னும் வராத நாள். எழுந்திருக்கலாம்தான், ஆனால் இந்த வயதில் மடக்கிய முழங்கால் உடனே ஒத்துழைப்பதில்லை. கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருக்கிறேன்.